செக்–பிரெஞ்சு உரைபெயர்ப்பாளரை எந்தப் பட்டியலில் தேடுவது?

பிராகில் செக் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்யவிருக்கும் பிரெஞ்சு மணமகனுக்கும், அதே நகரில் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்தும் பிரெஞ்சு நிறுவனத்துக்கும் தேவைப்படுவது ஒரே மொழி இணைதான். ஆனால் ஆளைத் தேட வேண்டிய இடம் வேறு.

செக் மொழி தெரியாத மணமகன் தன் செலவிலேயே உரைபெயர்ப்பாளரை அழைத்துவர வேண்டும் என்பதால், அவர் முதலில் பார்க்க வேண்டியது, நீதிமன்ற உரிமம் பெற்றவர்களின் பெயர்கள் உள்ள செக் நீதி அமைச்சகத்தின் பதிவேடு. இணையத்தில் மொழியைத் தெரிவு செய்தால் பெயர்கள் வந்துவிடும். ஆனால் 2021 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த 354/2019 சட்டம், பேச்சைப் பெயர்ப்பவரையும் எழுத்தைப் பெயர்ப்பவரையும் தனித்தனி உரிமம் உடையவர்களாகப் பிரித்துவிட்டது. அதைக் கவனியாமல் தொலைபேசியை எடுத்தால், சான்றிதழை மொழிபெயர்க்க மட்டுமே உரிமம் உள்ளவரிடம் போய் நிற்க நேரும். பிரான்சிலோ ஒவ்வொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் தனக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. புதியவருக்கு 3 ஆண்டு தகுதிகாண் காலம், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபதிவு என்று அங்கே சல்லடை இறுக்கமானது. தேடும் வேலைதான் கூடுதல்.

இப்படி உரிமம் பெற்று நீதிமன்ற முத்திரை வைத்திருப்பவரெல்லாம் கருத்தரங்கில் பேச்சோடு பேச்சாகப் பெயர்த்துவிடுவார் என்று நம்புவதற்கில்லை. அதற்கு 1953இல் தொடங்கப்பட்ட ஏஐஐசி என்னும் பன்னாட்டுச் சங்கத்தின் பட்டியலையோ, செக் நாட்டின் அஸ்கோட் சங்கத்தின் பட்டியலையோ நாடுவதே நல்லது. ஏஐஐசி பட்டியலில் பெயருக்கு எதிரே உள்ள எழுத்துகளைப் படிக்கத் தெரிய வேண்டும்: ஏ தாய்மொழி, பி சரளமாகப் பேசிப் பெயர்க்கும் மொழி, சி கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும். செக் ஏ, பிரெஞ்சு சி என்றிருப்பவர் பிரெஞ்சுப் பேச்சைச் செக்கில் தருவாரே தவிர, செக் விருந்தினரின் பதிலைப் பிரெஞ்சில் தரமாட்டார். உரைபெயர்ப்பாளருக்கென அரங்கில் அமைக்கும் சிற்றறையான சாவடியில் இருவர் அமர்ந்து ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே வழக்கம் என்பதால், கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை; நாள் முழுவதையும் ஒருவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

1999இல் தொடங்கிய புரோஸ் போன்ற இணையச் சந்தையை நான் கடைசியில்தான் வைப்பேன். அங்குள்ளோரில் பெரும்பாலோர் எழுத்து மொழிபெயர்ப்பாளர்கள். மொழி இணையும் அவரவரே குறித்துக்கொண்டது. அவசரத்துக்கு உள்ளூர் ஆள் வேண்டுமானால் அதுவும் கைகொடுக்கும், ஆனால் முன்பே தொலைபேசியில் சோதித்துவிடுங்கள். விலைகளை வேகமாக வாசித்துக் காட்டுங்கள்: 97 என்பது பிரெஞ்சில் ‘நான்கு இருபது, பதினேழு’; செக் பேச்சுவழக்கிலோ ‘ஏழும் தொண்ணூறும்’. தடுமாற்றம் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து, செக்காரர் தலையசைத்து ‘நோ’ என்றால் எப்படிப் பெயர்ப்பீர்கள் என்று கேளுங்கள். பிரெஞ்சுக்காரர் காதில் மறுப்பாக விழும் அந்தச் சொல், செக்கில் ‘ஆமாம்’.