ஒரு நாள்தான் லீவு: பெரிய வெள்ளியா, பாஸ்கா இரவா?

ராமேஸ்வரம் தீவின் மீனவர் ஊரான தங்கச்சிமடத்துக்கு ஈஸ்டரை ஒட்டி ஒரே நாள்தான் போக முடியும் என்றால் எந்த நாளில் போவது? இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கும் பெரிய வெள்ளியன்றா, அவர் உயிர்த்ததைக் கொண்டாடும் ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவிலா?

பெரிய வெள்ளியன்று கோவிலில் திருப்பலி (பூசை) கிடையாது. மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள், பீடத்தில் துணிகூட இருக்காது. காலையில் இயேசுவின் பாடுகளை நினைத்து வேண்டும் பதினான்கு நிலைச் சிலுவைப்பாதை, மதியம் நோன்புக்கான ஒருசந்திக் கஞ்சி, அப்புறம் சிலுவையை முத்தமிடும் சிலுவை முத்தி. கடலுக்குப் போகிற பேச்சே இல்லை. (2025-இல் அது ஏப்ரல் 18. மீன்பிடித் தடைக்காலம் 15-ஆம் தேதியே தொடங்கிவிட்டதால் விசைப்படகுகள் எப்படியும் கரையில்தான்.)

பாஸ்கா இரவு வேறு மாதிரி. விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே புதுத் தீ மூட்டுவார்கள். அந்த ஆண்டின் எண் பொறித்த பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியை அதில் ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் கைத்திரிக்கும் நெருப்பு போகும். கடல் காற்று சும்மா விடுமா? அணைந்த திரியைப் பக்கத்து அக்காவிடம் நீட்டிப் பற்றவைத்தபடியே உள்ளே போக வேண்டும். செங்கடல் பிளந்த விவிலிய வாசகம் அன்று கட்டாயம். கடலோரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்பது தனி அனுபவம். வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலில் மணிகள் மொத்தமாக அடிக்கும்.

அந்த மணிக்காகவே நான் பாஸ்கா இரவைத்தான் சொல்வேன். ஆனால் வெள்ளியன்று மணி இல்லாமல் இருந்தவருக்குத்தான் அது முழுசாகக் கேட்கும். சரி, இரண்டு நாள் லீவு கேட்டுப் பாருங்கள்.