எலியா, குரங்கா? மலேரியா ஆய்வில் இரண்டோடும் இருந்தவன் கணக்கு

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கும் தம்பி ஒருவன் போன மாதம் கேட்டான்: "அண்ணன், மேற்படிப்புக்கு மலேரியா எடுக்கப் போறன். எலி வச்சிருக்கிற இடத்துக்குப் போகவா, குரங்கு வச்சிருக்கிற இடத்துக்குப் போகவா?" தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயமா இது? நான் ஒன்றரை வருடம் சுண்டெலியோடும், அப்புறம் இரண்டரை வருடம் ரீசஸ் குரங்கோடும் வெளிநாட்டில் இருந்துவிட்டு, கிழக்கிலங்கையில் என் ஊரான திருக்கோவிலுக்குத் திரும்பியவன். என் மனம் குரங்குப் பக்கம்தான். அந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டே வாசியுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடுகிறேன். எலி மலிவு. மூன்று வாரத்தில் குட்டி போடும், அந்தக் குட்டி ஆறேழு வாரத்தில் தானும் இனம் பெருக்கத் தயார். குரங்குக்குக் கர்ப்பம் ஐந்தரை மாதம், பெரும்பாலும் ஒரே குட்டி, அது பருவத்துக்கு வர மூன்று நான்கு வருடம். எலியில் வேண்டிய மரபணுவை எடுத்துவிட்டுப் பார்ப்பது இன்றைக்கு அன்றாட வேலை, குரங்கில் அது இன்னும் பெரிய காரியம். வாங்குவதும் கஷ்டம். இந்தியா 1978இல் ரீசஸ் ஏற்றுமதியை நிறுத்தியது. 2020இல் சீனாவும் கதவை மூடிய பிறகு ஒரு குரங்கு பல ஆயிரம் டாலர். இவை எல்லாவற்றிலும் எலிக்கே வெற்றி, பேச ஒன்றுமில்லை.

எலியைக் குறைத்துச் சொல்லவும் நான் வரவில்லை. எலி மலேரியாவுக்கு நாம் பயன்படுத்தும் பிளாஸ்மோடியம் பெர்கெய் என்ற ஒட்டுண்ணி 1948இல் கொங்கோவின் கட்டங்காவில் ஒரு காட்டெலியில் கண்டெடுக்கப்பட்டது. 1967இல் ரூத் நுசென்ஸ்வைக் அதே ஒட்டுண்ணியைக் கதிர்வீச்சால் பலவீனப்படுத்தி எலிக்கு ஏற்றி, அந்த எலிகளுக்கு மலேரியா பிடிக்காமல் செய்து காட்டினார். மலேரியாவுக்குத் தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வளர்ந்தது. 1971இல் சீனாவில் தூ யூயூவின் குழு ஒரு மூலிகையிலிருந்து எடுத்த 191ஆம் இலக்கச் சாறு, எலியின் குருதியில் இருந்த பெர்கெய் ஒட்டுண்ணியை முழுதாகத் துடைத்தது. ஆர்டிமிசினின் மருந்தின் கதை அது. ஆனால் அந்தக் குழு எலியோடு நிற்கவில்லை. அதே சாற்றைக் குரங்கு மலேரியாவிலும் கொடுத்துப் பார்த்தது. அங்கேயும் துடைத்தது. ஏன் இரண்டாவதாகக் குரங்கு தேவைப்பட்டது என்பதில்தான் என் கதையும் தொடங்குகிறது.

என் அம்மப்பா கஞ்சிகுடிச்சாறுப் பக்கம் வேளாண்மை செய்தவர். வயல் வாடியில் படுத்து நுளம்புக்கடி வாங்கிய தலைமுறை. காய்ச்சல் வரும், ஆஸ்பத்திரியில் குளிசை கொடுப்பார்கள், நிற்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து, நுளம்பே இல்லாத காலத்தில், திரும்பவும் அதே குளிர், அதே நடுக்கம். "மருந்து பொய்" என்பார் அவர். மருந்து பொய்யில்லை. விவாக்ஸ் வகை மலேரியாவில் ஒட்டுண்ணியின் ஒரு பங்கு ஈரலுக்குள் போய்ப் படுத்துத் தூங்கும். குருதியில் உள்ளதைக் குளிசை கொல்லும், தூங்குகிறதைத் தொடாது. அது எழும்பும்போது காய்ச்சல் திரும்பும்.

எலி மலேரியாவில் இந்தத் தூக்கம் கிடையாது. பெர்கெய் ஈரலில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் குருதிக்கு வந்துவிடும், அவ்வளவுதான். ரீசஸ் குரங்கில் வளரும் பிளாஸ்மோடியம் சைனோமோல்ஜி அப்படியில்லை, விவாக்ஸின் நெருங்கிய சொந்தக்காரன். மலேரியா ஈரலில் ஒளிந்து வளர்கிறது என்பதை 1948இல் ஷோர்ட்டும் கார்ன்ஹமும் கண்டதே இந்த ஒட்டுண்ணியும் குரங்கும் சேர்ந்ததால். 1980களின் தொடக்கத்தில் குரொட்டோஸ்கி தூங்குகிற வடிவத்தைக் கண்ணால் பார்த்ததும் அதே சோடியில். இதற்கு எலியில் பதிலே இல்லாததால் நான் இடம் மாறினேன்.

இது பாடப்புத்தகக் காரணம். இரண்டாவது காரணம் வேலை செய்யும்போதுதான் உறைத்தது: குருதியின் அளவு.

ஒரு சுண்டெலி 25 கிராம். அதன் உடம்பில் மொத்தமே கிட்டத்தட்ட 2 மில்லிலீட்டர் குருதி. பாதுகாப்பாக எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்கு. 0.2 மில்லிலீட்டர், நாலைந்து சொட்டு. அதை வைத்து ஒட்டுண்ணியை எண்ணலாம். எதிர்ப்புச் செல்களையும் மருந்தின் அளவையும் சேர்த்துப் பார்க்கக் காணாது. என்ன செய்வோம்? முதல் நாளுக்கு ஆறு எலி, மூன்றாம் நாளுக்கு ஆறு எலி, ஐந்தாம் நாளுக்கு ஆறு எலி என்று கொன்று கொன்று பார்ப்போம். எட்டு நாள்களுக்கு நாற்பத்தெட்டு எலி. ஒட்டுண்ணி ஏற்றாதவையும் சேர்த்தால் தொண்ணூற்றாறு. கடைசியில் ஒரு வளைகோடு வரைவோம். அந்தக் கோட்டில் அடுத்தடுத்த புள்ளிகள் எதுவும் ஒரே உயிருடையவை அல்ல. ஒரு ஊரில் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஆளைப் படம் பிடித்துவிட்டு, "இவர் இப்படித்தான் வயதானார்" என்று சொல்வது போல. அந்த எலிகள் அச்சில் வார்த்தது போல ஒரே மரபணு உள்ளவை என்பதால் பெரும்பாலான கேள்விகளுக்கு இது ஓடும். காய்ச்சல் யாருக்கு எப்போது திரும்புகிறது என்ற கேள்விக்கு ஓடாது.

ஐந்து கிலோக் குரங்கில் ஏறக்குறைய 300 மில்லிலீட்டர் குருதி. ஒரு தேக்கரண்டி எடுத்தாலும் அதற்குத் தெரியாது. காதோரத்தில் ஒரு சின்னக் குத்து, ஒரு சொட்டு, கண்ணாடியில் பூச்சு, நுணுக்குக்காட்டி. இதைத் தினமும் செய்யலாம். எங்கள் கூட்டத்தில் ஐந்து குரங்குகள். ஒட்டுண்ணி ஏற்றினோம், காய்ச்சல் ஏறியது, குருதியில் உள்ளதை மட்டும் கொல்லும் குளோரோகுயின் கொடுத்தோம், இறங்கியது. அப்புறம் காத்திருந்தோம். ஒவ்வொரு காலையும் பூச்சு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் மூன்றாம் இலக்கக் குரங்கின் கண்ணாடியில் ஒற்றை வளையம், குருதிச் செல்லுக்குள் இளம் ஒட்டுண்ணி. முந்தின நாள் அதே உயிரின் குருதி எப்படி இருந்தது, முந்தின வாரம் எப்படி இருந்தது, எல்லாம் குளிரூட்டியில் இருந்தது. பின்னோக்கிப் போய் எடுத்துப் பார்த்தோம். தொண்ணூற்றாறு எலியில் எனக்குக் கிடைக்காதது அந்த ஒற்றைக் குரங்கில் கிடைத்தது. அம்மப்பாவின் குருதியை யாராவது இப்படி மாதக்கணக்கில் எடுத்து வைத்திருந்தால் என்று அன்று நினைத்தேன்.

அன்றிலிருந்து ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. இப்போதும் கோயில் மதிலில் குரங்கைக் கண்டால் முதலில் காதோரத்தைத்தான் பார்க்கிறேன்.

சரி, இனி விலை. காசைச் சொல்லவில்லை, பராமரிப்பைச் சொல்கிறேன். எலிக்கூட்டில் வாரத்துக்கு ஒருமுறை மரத்தூளை மாற்றி, நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். குரங்குக்கு அது காணாது. தைப்பொங்கலுக்கும் போக வேண்டும், காய்ச்சலாய்க் கிடந்தாலும் யாரையாவது அனுப்ப வேண்டும். தனியாகப் போட்டால் தன் மயிரைத் தானே பிடுங்கும், ஆகவே சோடியாக வைக்க வேண்டும். சோடி ஒத்துவராவிட்டால் கடிபாடு. நம்மைப் போலக் குரங்காலும் வைட்டமின் சியைத் தானாக உடம்பில் செய்ய முடியாது, எலியால் முடியும். குரங்குத் தீனியில் அது நாளாக நாளாகக் குறையும் என்பதால் மூட்டையின் திகதியைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். காதை நீட்டப் பழக்குவதற்கே இரண்டு மாதம். கச்சான் ஒன்றைக் காட்டி, கம்பிக்குக் கிட்ட வந்தால் ஒன்று, காதைத் தொட விட்டால் ஒன்று. முதல் வாரம் என் கச்சானை எல்லாம் வாங்கித் தின்றுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தவனே மூன்றாம் இலக்கத்தான்.

ஆய்வு முடிந்த பிறகும் இருக்கிறது. எலியின் ஆயுள் இரண்டு வருடம், ஆய்வோடு அதன் கதையும் முடியும். குரங்கு இருபத்தைந்து வருடமும் தாண்டும், ஆய்வுக் காசு மூன்று வருடம்தான். மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு? பெரும்பாலும் அடுத்த ஆய்வுக்குக் கைமாற்றுவார்கள். பழைய மோட்டார் சைக்கிள் வாங்குகிறவன் புத்தகத்தைப் புரட்டுவது போல, வாங்குகிறவர்கள் அதன் கோப்பைப் புரட்டுவார்கள். ஒருமுறை மலேரியா கண்ட குரங்கை, மலேரியாவே அறியாத உடம்பு தேவைப்படும் ஆய்வுக்கு எடுக்க முடியாது. எங்கள் ஐந்தையும் பிரிமாகுயின் கொடுத்து ஈரல் வரைக்கும் சுத்தப்படுத்தி, வேறொரு பிரிவிடம் ஒப்படைத்தோம். அதற்கு மேல் அவற்றை நான் பார்க்கவில்லை. எலிகளை என் கையாலேயே கொன்றிருக்கிறேன். எது சுலபம் என்று கேட்காதீர்கள்.

ஆபத்தும் உண்டு. ரீசஸ் உட்பட மக்காக் குரங்குகளில் பி வைரஸ் என்று ஒன்று உண்டு, நம் உதட்டில் கொப்புளம் போடும் ஹெர்பிஸ் கிருமியின் இனம். குரங்குக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை. மனிதனுக்கு மூளை வரை போகும், மருந்து கொடுக்காவிட்டால் பத்தில் ஏழு பேர் தப்ப மாட்டார்கள். 1932இல் குரங்கு கடித்து இறந்த வில்லியம் பிரெப்னர் என்ற மருத்துவரின் முதல் எழுத்துத்தான் அந்த 'பி'. எனக்கு ஒருமுறை மணிக்கட்டில் நகம் பட்டது. பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது, தொட்டியடியில் சோப்புப் போத்தல் காலி. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடினேன். அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குருதிப் பரிசோதனை முடிவுகள் வரும்வரை வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கவே இல்லை, எடுத்தால் குரலில் தெரிந்துவிடும்.

குரங்கு என்றால் மனிதனேதான் என்று நினைத்துவிடவும் வேண்டாம். 2006இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு பேருக்கு ஏற்றினார்கள். அதைவிட 500 மடங்கு அளவு நீண்டவால் மக்காக் குரங்கில் ஒன்றும் செய்யவில்லை. ஆறு பேரும் ஒரு நாளுக்குள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மருந்து பற்றிக்கொள்ளும் மூலக்கூறு நம்முடைய ஒரு வகை எதிர்ப்புச் செல்லில் இருக்கிறது, குரங்கின் அதே செல்லில் இல்லை. ஆகவே என் சாய்வுக்கும் எல்லை உண்டு. நான் கைவைத்தது மலேரியாவில் மட்டும். மூளை ஆராய்ச்சி, எச்ஐவி பக்கமெல்லாம் கூட இருந்தவர்கள் சொல்லக் கேட்டதுதான், அங்கே என் கணக்கைப் பிரயோகிக்க வேண்டாம். மனித ஈரல் செல்களை வைத்து வளர்த்த எலியில் விவாக்ஸ் தூங்குவதை இப்போது பார்க்க முடிகிறது. அந்த எலியை நான் தொட்டதில்லை. நான் தொடங்கிய காலத்தில் அது எட்டாத விலை, இன்று தொடங்குகிறவன் முதலில் அதைத்தான் விசாரிக்க வேண்டும்.

ஊரில் இதையெல்லாம் சொன்னால் மாமாவுக்கு வேறு யோசனை. அவருடைய சோளனையும் இளந்தேங்காயையும் குரங்கு விட்டுவைப்பதில்லை. "அங்க ஒண்டு பல ஆயிரம் டொலராம், இஞ்ச பரணுக்கு மேல நூறு நிக்குது. பிடிச்சுக் கொண்டு போங்கோவன், மனே." 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது ஊரில் பலர் சந்தோஷப்பட்டார்கள். விலங்கு மிருகக்காட்சிசாலைக்கா ஆய்வுகூடத்துக்கா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள், விஷயம் நீதிமன்றம் போனது, அனுப்பப் போவதில்லை என்று அரசு தரப்பு சொன்னதோடு நின்றது. மாமாவுக்கு நான் சொன்ன பதில் வேறு. தலையில் தொப்பி வைத்தது போல மயிர் உள்ள நம் ஊர்க் குரங்கு, சிங்களத்தில் ரிலவா, உலகில் இந்தத் தீவில் மட்டும்தான் இருக்கிறது. ஆய்வுகூடத்துக்குத் தேவை பிறந்த திகதியும் தாய் தகப்பனும் தெரிந்த குரங்கு. பரணில் நிற்பவனுக்கு ஏற்கெனவே மலேரியா இருக்கலாம். 1965இல் பேராசிரியர் திஸாநாயக்கவும் கூட்டாளிகளும் ரிலவாவின் குருதியிலிருந்துதான் பிளாஸ்மோடியம் ஃப்ராஜைல் என்ற புது இனத்தையே விவரித்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1980களிலும் 90களிலும் ரிலவாவை வைத்தே மலேரியா எதிர்ப்பாற்றலை ஆராய்ந்தார்கள். அது நம் நாட்டில் காய்ச்சல் இருந்த காலம். 2012க்குப் பிறகு உள்ளூரில் மலேரியா நிலையாகப் பரவவில்லை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்துவிட்டது. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சோளனுக்கு என்ன வழி?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

தம்பிக்கு நான் எழுதியது சுருக்கம்: உன் கேள்விக்கு ஒரே உடம்பை மாதக்கணக்கில் பின்தொடர வேண்டுமா? வேண்டுமென்றால் குரங்கு, சோப்புப் போத்தலை நீயே வாங்கிக்கொண்டு போ. வேண்டாமென்றால் எலி.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "அண்ணன், என்ட கேள்வி ஈரலோட முடிஞ்சுபோகுது, காய்ச்சல் வரைக்கும் போகவே இல்ல. எலி காணும்." சரி என்று எழுதினேன். வாலில் குருதி எடுப்பது எப்படி என்று அடுத்த செய்தியிலேயே கேட்டிருக்கிறான்.