எழுந்து போன பிள்ளையின் லொகினை யார் மூடுவது: மூன்று வழிகள்

மட்டக்களப்பில் மாலை வகுப்பு நடக்கும் கணினி லாப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் எஸ்எஸ்எச் (வலையமைப்பு மூலம் இன்னொரு கணினிக்குள் நுழையும் முறை) வழியாக ஒரே லினக்ஸ் சேர்வருக்குள் போகிறார்கள். காத்தான்குடிப் பக்கம் போகும் பஸ் வந்துவிட்டால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். டேர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்) திறந்தபடி கிடக்கும். அடுத்து வந்து உட்காருபவர் மற்றவரின் கணக்கிலேயே தட்டத் தொடங்குவார். ஒருவரின் புரொஜெக்ட் கோப்பு அழிய இது போதும்.

பலரும் முதலில் சொல்வது டீஎம்அவுட் (TMOUT) என்ற நேர வரம்பு. கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லில் இதற்கு 600 (விநாடி) என்று கொடுத்தால், கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட்டில் 10 நிமிடம் எதுவும் தட்டாதபோது ஷெல் தானாக மூடும். 'ரீட்ஒன்லி' (மாற்ற முடியாதது) என்றும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் 'அன்செட்' செய்து அதை நீக்கிவிடுவார்கள். ஆனால் நானோ, விம் போன்ற எடிட்டர் திறந்திருந்தால் இந்த நேரக் கணக்கு ஓடவே ஓடாது. பஸ்ஸுக்கு ஓடும் பிள்ளை விட்டுப்போவது பெரும்பாலும் திறந்த எடிட்டரைத்தான்! இந்த ஒரு காரணத்துக்காகவே லாபுக்கு இது போதாது என்பேன்.

எஸ்எஸ்எச் சேர்வரின் 'கிளையன்ட் அலைவ்' அமைப்பு இதற்கானதே அல்ல. அது மறுமுனைக் கணினி உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அதன் எண்ணிக்கை வரம்பான கவுன்ட்மாக்ஸை 0 ஆக்கி இணைப்பைத் துண்டிக்கவைக்கும் பழைய தந்திரமும் 2020இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2 முதல் பலிக்காது.

என் தெரிவு, லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லொகின்ட், அதாவது லொகின்களைக் கவனிக்கும் பகுதி. அதன் 'ஸ்டாப் ஐடில் செஷன் செக்' (StopIdleSessionSec) அமைப்பு ஷெல்லைப் பார்ப்பதில்லை. டேர்மினலில் கடைசியாக எப்போது தட்டினார்கள் என்று பார்த்து, அந்த லொகினின் முழு செஷனையும் நிறுத்தும். எடிட்டர் திறந்திருந்தாலும் தப்பாது. சேமிக்காத வேலை போய்விடுமே என்று பயப்படுபவர்களுக்கு: இப்படி மூடப்படும்போது நானோ '.சேவ்' என்று முடியும் கோப்பில் எழுதிவைக்கும், விம்முக்கு, மீட்டெடுக்க ஸ்வாப் கோப்பு இருக்கிறது. ஆனால் தட்டாமல் நீண்ட நேரம் கம்பைல் ஆகும் வேலையும் நின்றுபோகும். அதனால் 10 நிமிடம் வேண்டாம், 30 நிமிடம் கொடுங்கள். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்த அமைப்பு 2022இல் வந்த சிஸ்டம்டி 252ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. டெபியன் 12, உபுண்டு 24.04 இரண்டிலும் கிடைக்கும். உபுண்டு 22.04இல் 249தான், அங்கே மேம்படுத்தும்வரை டீஎம்அவுட்டோடு சமாளியுங்கள். ரூட் (நிர்வாகி) கணக்குக்கு எப்படியும் டீஎம்அவுட்டை 300இல் போட்டுவிடுங்கள்.