டிரைவ்ஷாஃப்ட் கப்ளர் என்ற பெயரில் 68,400 ரூபாய் ஏமாற்று: பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

மெர்சிடிஸ் சி63, பிஎம்டபிள்யூ எம்3 மாதிரி பவர் உள்ள வண்டிக்கு டிரைவ்ஷாஃப்ட் கப்ளர் (இன்ஜின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போகும் ஷாஃப்ட்டின் முனையில் மாட்டும் ரப்பர் இணைப்பு) தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். இறக்குமதி பெர்ஃபார்மன்ஸ் ஸ்பேர் விற்கும் ஒரு ஆன்லைன் கடை 68,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, உள்ளே கயிறே இல்லாத இரண்டு ரப்பர் டிஸ்க்குகளை அனுப்பியிருக்கிறது. பின்பக்க டிஸ்க் நைஸ் ரோட்டில், டோல் தாண்டி வேகமெடுக்கும்போது கிழிந்தது. இன்று வரை ஒரு ரூபாய் திரும்பவில்லை.

எங்கள் வண்டி டபிள்யூ204 தலைமுறை மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி. 6.2 லிட்டர் வி8, 457 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). கியர்பாக்ஸுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு ஃப்ளெக்ஸ் டிஸ்க் (கப்ளர் என்பது இதுதான்), ஷாஃப்ட்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவில் இன்னொன்று. வெளியே பார்த்தால் ஆறு ஓட்டை போட்ட தடித்த ரப்பர். மூன்று போல்ட் ஒரு பக்க ஃப்ளாஞ்சை (போல்ட் மாட்டும் மூன்று கை கொண்ட இரும்பு முனை) பிடிக்கும், இடைப்பட்ட மூன்று போல்ட் மறுபக்க ஃப்ளாஞ்சைப் பிடிக்கும். ஆனால் சுமையைத் தாங்குவது ரப்பர் இல்லை. பக்கத்துப் பக்கத்து புஷ்களை (ஓட்டைக்குள் இருக்கும் இரும்புக் குழாய்) சுற்றி வளையம் வளையமாகச் சுற்றிய கயிறுதான் இழுவையைத் தாங்குகிறது. அந்தக் கயிறு தேயாமல், விலகாமல் பிடித்து வைப்பதும் அதிர்வை விழுங்குவதும்தான் ரப்பரின் வேலை.

கணக்கைப் பாருங்கள். இந்த டிஸ்க் இருப்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால். முதல் கியர் விகிதம் 4.38. அதாவது இன்ஜின் தரும் 600, முதல் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது டிஸ்க்குக்கு வரும்போது சுமார் 2,600 நியூட்டன் மீட்டர். போல்ட் வட்டத்தின் விட்டம் 110 மிமீ என்று வைத்துக்கொண்டால், முன்னோக்கி இழுக்கும்போது சுமை விழும் மூன்று கயிற்று வளையங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை டன்னுக்கு மேல் இழுவை. வெறும் ரப்பர் இதற்கு எப்படித் தாங்கும்?

அந்தக் கடையின் விளம்பரத்தில் "1,000 குதிரைத்திறன் வரை தாங்கும்" என்று போட்டிருக்கிறது. கப்ளருக்குக் குதிரைத்திறன் கணக்கு அர்த்தமே இல்லாதது, கேட்க வேண்டியது டார்க். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் சி5, சி6 தலைமுறைகளில் கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால், இன்ஜினையும் அதையும் இணைக்கும் டார்க் ட்யூப் என்ற குழாய்க்குள் இருக்கும் கப்ளர்கள் இன்ஜின் வேகத்திலேயே சுற்றும், கியர் பெருக்கம் அவற்றுக்கு வராது. அங்கே எழுதும் எண்ணைக் கொண்டுவந்து இங்கே ஒட்டக் கூடாது.

இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டாயிற்று. நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், அடுத்தவரையும் அங்கேதான் மடக்குவார்கள். போனில் பேசியவர் முதலில் இங்கிலீஷ், பிறகு "சார், நீங்க தமிழா? நான் ஓசூர் சார், நம்ம ஆளுக்குத் தப்பான பொருளைக் குடுப்பேனா?" என்றார். உள்ளே கயிறு இருக்கிறதா, எத்தனை சுற்று என்று கேட்டதும், குறுக்கே வெட்டிய டிஸ்க்கின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. நெருக்கமாகச் சுற்றிய வெளிர்மஞ்சள் கயிற்றுக் கட்டு, புஷ்ஷைச் சுற்றித் தெளிவாகத் தெரிந்தது. "இதே லாட்தான் சார் உங்களுக்கு வருது" என்றார். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல், யுபிஐ போட்டால் இல்லை என்றார். 68,400 ரூபாய் யுபிஐயில் போனது. அந்த 3 சதவீதத்தின் காரணம் இப்போது புரிகிறது: கார்டில் கட்டியிருந்தால் பேங்க்கில் டிஸ்ப்யூட் போட்டிருக்கலாம்.

கிழிந்த டிஸ்க்கையும் கிழியாத முன்பக்க டிஸ்க்கையும் வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தோம். வண்டியோடு வந்த பழைய டிஸ்க்கை அறுத்தால் பிளேடு கயிற்றில் மாட்டி மாட்டி நிற்கும், வெட்டு வாயில் நார் பிசிராக நிற்கும். இவர்கள் அனுப்பியது அழிரப்பரை அறுத்த மாதிரி ஒரே இழுப்பில் இறங்கியது. இரண்டிலும் கயிறு ஒரு சுற்றுகூட இல்லை. கிழிந்த இடத்தில் புஷ் பளபளவென்று வெறும் இரும்பாக நின்றது, மேலே ரப்பர் துளிகூட ஒட்டியிருக்கவில்லை. அதாவது ரப்பர் உலோகத்தோடு சரியாகப் பிணையவே இல்லை.

அதன்பிறகு வந்த பதில்கள் ஒவ்வொன்றும் வயிறு எரிய வைப்பவை. முதலில் "டெக்னிக்கல் டீம் பாக்குறாங்க". அடுத்து "ரப்பர் ஐட்டம் கன்ஸ்யூமபிள், வாரண்டி இல்ல". அடுத்து "வண்டி ட்யூன் பண்ணினதா?" இல்லை, ஸ்டாக் வண்டி. ஆயிரம் குதிரைத்திறன் தாங்கும் என்று விற்றவர்கள் ட்யூன் பற்றிக் கேட்க என்ன உரிமை இருக்கிறது? அறுத்த படங்களை அனுப்பியதும் "பொருளை நீங்களே டேமேஜ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் எடுக்க முடியாது". ஓசூர்க்காரர் அதோடு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

கடைசியாகப் பழியை வொர்க்‌ஷாப் மீது போட்டார்கள். மாட்டிய முறையைச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள். கழற்றும் முன் ஃப்ளாஞ்சிலும் ஷாஃப்ட்டிலும் பெயின்ட் கோடு போட்டு, பேலன்ஸ் மாறாமல் அதே நிலையில் திரும்ப மாட்டினார்கள். போல்ட்டும் செல்ஃப் லாக்கிங் நட்டும் புதுசு. டிஸ்க் பக்கம் இருக்கும் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஃப்ளாஞ்ச் பக்கம் மட்டும் திருப்பினார்கள். டிஸ்க் பக்கம் திருப்பினால் புஷ் முறுக்கிக்கொள்ளும், முறுக்கோடு ஓடினால் டிஸ்க்கின் ஆயுள் போய்விடும். அந்த மாடலுக்குரிய டார்க் அளவில் ரென்ச் போட்டார்கள். நடு பேரிங் பிராக்கெட்டை ஷாஃப்ட் நேராக உட்கார்ந்த பிறகே இறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. ஷாஃப்ட் கோணலாக இருந்து கெட்டிருந்தால் வளைந்து வளைந்து எல்லா ஓட்டைக்கு நடுவிலும் வெடிப்பு வந்திருக்கும். இதில் மற்ற ஐந்து இடமும் சுத்தமாக இருக்கிறது.

ரப்பரே வேண்டாம், பாலியூரித்தேன் போடலாமே என்பார்கள். கயிறு இல்லாத கெட்டி பாலியூரித்தேன் அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும். வண்டியின் அடியில் ஷாஃப்ட் ஓடும், எக்ஸாஸ்ட் சூடு தேங்கும் அந்த டனலில் எந்தத் தரம் போடுகிறார்கள் என்பது முக்கியம், அதை இந்தக் கடைகள் சொல்வதில்லை. அலுமினிய கப்ளரில் வளைந்து கொடுக்கும் தன்மையே கிடையாது. ஷாஃப்ட் கோணத்தில் சின்னப் பிசகு இருந்தாலும் சுமை கியர்பாக்ஸ் அவுட்புட் பேரிங்குக்கும் டிஃபரன்ஷியல் பினியன் பேரிங்குக்கும் போய்விடும். ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு, கார் கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் ஜெர்மன் எஸ்ஜிஎஃப் மாதிரி தயாரிப்பாளரின் கயிறு வைத்த டிஸ்க்தான் என் தேர்வு. சேஸிஸ் எண் கொடுத்துப் பாக எண் (பார்ட் நம்பர்) எடுங்கள். ஓட்டை வட்டம் ஒன்றாக இருந்தாலும் தடிமனும் போல்ட் அளவும் மாறும், முன்பக்க டிஸ்க் பின்பக்கத்துக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள்.

நிதானமாக எழுதும் மனநிலையில் இல்லை, அவசரத்துக்குச் சிலது. பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். புதுசை அதோடு சேர்த்துத் தராசில் வையுங்கள், புஷ் கழுத்தை வெர்னியரில் அளங்கள். பாக எண்ணும் தேதி முத்திரையும் ரப்பரிலேயே வார்த்திருக்க வேண்டும், பெயின்ட்டில் அச்சடித்திருந்தால் வாங்காதீர்கள். அம்புக்குறி இருந்தால் அது ஃப்ளாஞ்ச் கையைப் பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்பது சட்டப்படி இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த பெட்டியில் எதுவும் இல்லை, பில்லில் "ரப்பர் கப்ளிங் 2" என்று மட்டும். 68,400 ரூபாய்க்கு அவ்வளவுதான் விவரம். பாக எண் இல்லாத பில்லை ஏற்காதீர்கள்.

புகார் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் பதிவாகிவிட்டது. ஆன்லைன் விற்பனை விதிகள் 2020-இன்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது.

இந்த மாதிரி கடையில் வாங்கி ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள்: டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது கீழே "டக்" என்று இடித்தாலோ, குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சீட்டுக்கு அடியில் அதிர்ந்தாலோ வண்டியை ஓட்டி வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகாதீர்கள். டிஸ்க் முழுதாக அறுந்தால் ஷாஃப்ட் சுழன்று டனலையும் எக்ஸாஸ்ட்டையும் அடித்து உடைக்கும். ஃப்ளாட்பெட் கூப்பிடுங்கள்.