டெபியன் சிட்: மூன்று வழுத் தேடல்கள், எது முதலில்?

லினக்ஸ் இயங்குதளமான டெபியனில், புதிய பதிப்புகள் உடனுக்குடன் வரும் அன்ஸ்டேபிள் கிளைதான் சிட். அதில் அப்கிரேட் செய்துவிட்டு, "திரை வரவில்லை, என்ன செய்வது?" என்று கேட்டுப் பாருங்கள். "பக் ரிப்போர்ட் (வழு அறிக்கை) பார்த்தீர்களா?" என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும். பார்க்க மூன்று வழி உண்டு: ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ், வழுத்தளத்தின் இணையப் பக்கம், ரிப்போர்ட்பக். மூன்றும் படிப்பது ஒரே வழுப்பட்டியலைத்தான். உதவும் நேரம்தான் வேறு.

ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ் விபத்துக்கு முன்பே குறுக்கே நிற்கும். பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) இறங்கி முடிந்து, நிறுவல் தொடங்கும் முன், கிரிட்டிக்கல், கிரேவ், சீரியஸ் ஆகிய மூன்று தர வழுக்களைக் காட்டி, தொடரலாமா என்று கேட்கும். 'பி' என்று தட்டினால் அந்தப் பேக்கேஜை பழைய பதிப்பிலேயே நிறுத்தி வைக்கும். வழு சரியானதும் அந்தத் தடையைத் தானே எடுத்தும் விடும். சிட் வைத்திருந்து இதை நிறுவாதவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

ஆனால் யாரோ ஒருவர் ஏற்கெனவே அடிபட்டு எழுதியிருந்தால்தான் இதற்குத் தெரியும். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்கதவு (திருட்டு நுழைவழி) சில வாரம் சிட்டில் இருந்தது; எச்சரிக்க எந்த அறிக்கையும் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருளாளர் அதே சிட்டில் கவனித்துத் துருவியதால்தான் 2024 மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது.

சரி, உடைந்தே விட்டது என்றால்? அப்போது இணையப் பக்கம்தான். 'இம்பார்டன்ட்', 'நார்மல்' தர வழுக்களும் அங்கே தெரியும். மற்றவர்கள் கண்டுபிடித்த தற்காலிக வழியும் பெரும்பாலும் அந்த வழுவைப் பற்றி வந்த மின்னஞ்சல்களுக்குள்தான் கிடக்கும். சிக்கல் என்னவென்றால், எந்தப் பேக்கேஜ் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். திரை கறுத்தால் டெஸ்க்டாப்பின் பெயரில் தேடுவோம். வழுவோ திரையில் படம் வரைய உதவும் மெசாவின் பெயரில் பதிவாகியிருக்கும். அதனால் முதலில் /வார்/லாக்/ஆப்ட்/ கோப்புறையில் உள்ள ஹிஸ்டரி லாகைத் திறந்து, நேற்று என்னென்ன மாறின என்று பாருங்கள். மூடிய வழுக்களையும் விடாதீர்கள். மூடி 28 நாள் ஆனால் அவை காப்பகத்துக்குப் போய்விடும், தனியாகக் கேட்டால்தான் காட்டும். 'சரியாகிவிட்டது' என்று போட்டிருந்தும் நீங்கள் பேக்கேஜ்களை இறக்கும் மிரருக்கு (நகல் சர்வருக்கு) புதுப் பதிப்பு இன்னும் வராமல் இருக்கலாம்.

ரிப்போர்ட்பக் புகார் எழுதும் கருவி. ஆனால் எழுத விடும் முன் பழைய புகார்களைப் பட்டியலிட்டு, "இதில் உன்னுடையது இருக்கிறதா?" என்று கேட்கும். எழுத்து மட்டும் தெரியும் வெறும் கன்சோலிலும் ஓடும் என்பதால் டெஸ்க்டாப் எழாத நாளில் கைகொடுக்கும். தேட மட்டும் என்றால் எனக்கு இது மூன்றாம் இடம்தான். பட்டியல் நீண்டால் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருப்பது எரிச்சல்.

ஆக, அப்கிரேடுக்கு முன் ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ், உடைந்த பின் ஹிஸ்டரி லாகும் இணையப் பக்கமும். அப்புறமும் கிடைக்காவிட்டால் கேளுங்கள். பேக்கேஜின் பெயர், பழைய பதிப்பு, புதிய பதிப்பு மூன்றும் இதற்குள் உங்கள் கையில் இருக்கும்.