தாடை மூட்டு வலி: நைட் கார்டா, பயிற்சியா?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் நகர்வதுதான் தாடை மூட்டு. அங்கே வலி வந்தால் பலர் காதுவலி என்றே நினைப்பார்கள். நானும் காது மருத்துவரிடம்தான் முதலில் போனேன். அவர் பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். பல் மருத்துவர் நைட் கார்டு போடச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட்டோ பயிற்சியே போதும் என்றார்.

நைட் கார்டு என்பது பல்லுக்கு அளவெடுத்துச் செய்யும் கெட்டியான அக்ரிலிக் தகடு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் தேயாமல் காக்கும். கடிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது. சிலருக்குக் காலை வலி குறையும், சிலருக்கு ஒரு மாற்றமும் இருக்காது. கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்துப் படியவைக்கும் மெத்தென்ற வகையை நான் சொல்லமாட்டேன். அதைச் சூயிங்கம் போல மென்றுகொண்டே தூங்குகிறவர்கள் உண்டு. சில பற்களை மட்டும் மூடும் தகட்டை நெடுநாள் போட்டால் கடிமானமே, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதமே, மாறிவிடலாம்.

பயிற்சிக்குக் காசு குறைவு, பொறுமை அதிகம் வேண்டும். 'ன்' என்று சொல்லி நாக்கை அங்கேயே நிறுத்துங்கள். உதடு மூடியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இருக்கட்டும். தாடை ஓய்வெடுக்கும் நிலை அதுதான். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியபடியே வலிக்காத அளவுக்கு மெதுவாக வாயைத் திறந்து மூட வேண்டும். ஒரு வேளைக்கு 6 முறை, நாளைக்கு 6 வேளை. கூடவே வெந்நீர் ஒத்தடம். முறுக்கு, கரும்பு கொஞ்ச நாளைக்கு வேண்டாம். கணினி முன்னால் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறோமா என்று அவ்வப்போது கவனிப்பதும் சிகிச்சைதான்.

நாட்பட்ட தாடை வலிக்கு 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் தாடைப் பயிற்சியையும், பிசியோதெரபிஸ்ட் கையால் செய்யும் சிகிச்சையையும், மனநல நோக்கிலான நடத்தைச் சிகிச்சையையும் உறுதியாகப் பரிந்துரைத்தது. கழற்றி மாட்டும் தகட்டை அந்த வரிசையில் சேர்க்கவில்லை; வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தது. என் கணக்கு இதுதான்: பல் தேய்கிறதா, கார்டு போடுங்கள். வலிதான் பிரச்சினையா, பயிற்சியில் தொடங்குங்கள். வலியில்லாமல் 'டக்' என்று சத்தம் மட்டும் வந்தால் இரண்டுமே தேவையில்லை.

போடாக்ஸ் ஊசி தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும், அப்புறம் மறுபடி போட வேண்டும். மூட்டு பிடித்துக்கொண்டு வாய் திடீரெனத் திறக்க மறுக்கும்போது ஊசி வழியாக மூட்டைக் கழுவுவது சிலருக்கு உதவும்.

பல்லைக் கருவியால் அராவிக் கடிமானத்தைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அராவிய பல் திரும்பி வராது. அறுவை சிகிச்சைக்கும் அந்தத் தயக்கம் வேண்டும். 1980களில் அமெரிக்காவில் மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் வட்டுக்குப் பதிலாக வைத்த டெஃப்லான் கலந்த செயற்கை வட்டுகள் துகளாக உதிர்ந்து எலும்பை அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அவற்றைத் திரும்பப்பெற வேண்டியதாயிற்று.

வாய்க்குள் மூன்று விரலை நெடுக்காக நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது, பாக்கு அல்லது குட்கா பழக்கமும் உண்டு என்றால் அது வேறு நோயாக இருக்கலாம். கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி, பின்னால் புற்றுநோய்வரை போகக்கூடியது அது. கார்டு, பயிற்சி எல்லாம் அப்புறம். பாக்கை இன்றே நிறுத்திவிட்டு, வாயை மருத்துவரிடம் திறந்து காட்டுங்கள்.