பிஜி டம்ப் போதுமா, வால் ஆர்க்கைவும் வேண்டுமா?

பெல்லந்தூர் ஆபீஸில் எங்கள் டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் திருநெல்வேலித் தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, தினமும் ராத்திரி டம்ப் எடுக்கிறோமே, அப்புறம் எதுக்கு இந்த வால் ஆர்க்கைவ்?" நியாயமான கேள்விதான். டம்ப் என்பது டேட்டாபேஸின் ஒரு நேரத்து நகல். வால் (WAL) என்பது ஒவ்வொரு மாற்றத்தையும் டேட்டாபேஸ் எழுதி வைக்கும் பதிவு, அதைச் சேமித்து வைப்பதுதான் ஆர்க்கைவ். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை ஓட்டுகிற பெங்களூருச் சின்ன டீம்கள் பலவற்றில் இதைக் கேட்டிருக்கிறேன்.

டம்ப் எடுக்கும் கருவியான பிஜி டம்ப் எளிமையானது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எடுக்கலாம். படிப்பவரையும் எழுதுபவரையும் தடுக்காது. கஸ்டம் ஃபார்மேட்டில் எடுத்தால் ஒரே ஒரு டேபிளை மட்டும்கூட மீட்கலாம். பழைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு மாறவும் உதவும். ரோல்களும் (யூசர் கணக்குகள்) பாஸ்வேர்டுகளும் மட்டும் அதில் வராது. அவற்றுக்கு பிஜி டம்ப்ஆல் தனியாக ஓட்ட வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

சிக்கல் மீட்கும்போது தெரியும். டேட்டாவை ஏற்றி, ஒவ்வொரு இண்டெக்ஸையும் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) புதிதாகக் கட்ட வேண்டும். பெரிய டேட்டாபேஸுக்கு மணிக்கணக்கில் ஆகும். அதைவிடப் பெரிய குறை, ராத்திரி 2 மணிக்கு டம்ப் எடுத்துவிட்டு மாலை 4 மணிக்குத் தவறு நடந்தால் நடுவில் உள்ள 14 மணி நேர டேட்டா போய்விடும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதை நேரில் பார்த்தேன். பிற்பகல் 3.45க்கு யாரோ எந்த வரிசை என்று சொல்லும் WHERE இல்லாமல் ஒரு அப்டேட் போட்டுவிட்டார்கள். ஆர்டர் டேபிளில் எல்லா வரிசையும் 'கேன்சல்'. நல்லவேளை, பேஸ்பேக்கப்பும் (சர்வர் ஃபைல்களின் முழு நகல்) அதன் பிறகு வந்த 16 எம்பி வால் ஃபைல்களும் பத்திரமாக இருந்தன. வேறொரு சர்வரில் அந்த நகல் மேல் வால் மாற்றங்களை 3.44 வரை ஓட்டி மீட்டு, அங்கிருந்து அந்த ஒரு டேபிளை மட்டும் பிஜி டம்ப்பில் எடுத்து, அன்று மதியம் வந்த ஆர்டர்களோடு திரும்ப ஏற்றினோம். எந்த நேரம் வரை மீட்க வேண்டும் என்று குறிக்கும்போது ஐஎஸ்டி என்று எழுதாதீர்கள். போஸ்ட்கிரஸ் அதை ஏற்காமல் போகலாம், அல்லது இஸ்ரேல் நேரமாக எடுத்துக்கொள்ளலாம். +05:30 என்றே எழுதுங்கள்.

வால் வழிக்கும் தொல்லை உண்டு. முழு கிளஸ்டரையும்தான் (சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸும்) மீட்க முடியும், அதே மேஜர் வெர்ஷனில்தான். வால் ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றால் ஃபைல்கள் குவிந்து டிஸ்க் நிரம்பி சர்வரே நின்றுவிடும். பிஜி ஸ்டாட் ஆர்க்கைவர் வியூவில் தோல்வி எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க ஒரு அலெர்ட் கட்டாயம் வேண்டும். முழு பேஸ்பேக்கப் அடிக்கடி எடுக்க இடம் போதாதவர்களுக்கு, 2024 செப்டம்பரில் வந்த 17ஆம் வெர்ஷனின் இன்கிரிமென்டல் பேக்கப் (மாறியதை மட்டும் எடுப்பது) பெரிய ஆறுதல்.

பணம், ஆர்டர் என்று ஓடும் டேட்டாபேஸுக்கு நான் வால் பக்கம்தான். டம்ப்பையும் கூடவே வைத்துக்கொள்வேன். சில ஜிபி அளவில், ஒரு நாள் வேலை போனாலும் திரும்ப உள்ளிட முடிகிற ஆபீஸ் டூல் என்றால் டம்ப் மட்டும் போதும்.

எதை எடுத்தாலும் மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. 2017 ஜனவரி 31 அன்று, கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் தவறுதலாக டேட்டா அழிந்தபோது, பிஜி டம்ப் வெர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. சுமார் 6 மணி நேர டேட்டா போனது.

தம்பியிடம் ஒரு காலி சர்வரைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு வழியிலும் மீட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதித் தரப்போகிறார்.